காயல் முற்றத்துப் பூக்கள்

திருநெல்வேலிச் சந்திப்பில் திருச்செந்தூர் செல்லும் இரயிலில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாளரத்தோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழியும்போது மண்ணின் நிறம் மாறிக்கொண்டே வருவதைக் காண்பீர்கள். தாமிரபரணியின் கால்வாய்கள் பாயும் மட்டும் நெல்லும் வாழையுமாய் நிலம் கறுத்துக் குளிர்ந்திருக்கும். பிறகு பனைகள் தலைகாட்டும். தென்மேற்கே சற்றுத் தொலைவில் குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் கிடக்கின்றன. ஆறுமுகநேரியை நெருங்கினால் வெண்குவியல்களோடு உப்பளங்கள். அதற்கடுத்த நிலையம் காயல்பட்டினம். ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்குள் வயலையும் பனங்காட்டையும் உப்பையும் கடந்து கடலோரம் வந்து சேர்ந்துவிடுகிறோம்.

இறங்கியதும் முகத்தில் மோதும் காற்றே சொல்லிவிடும், இது செடிகொடிகளுக்கு இரக்கம் காட்டும் ஊரன்று என்று. உதட்டை நாவால் தடவினால் உப்புக் கரிக்கும். காலடியில் மணல். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, காலையில் ஊற்றிய நீரை நண்பகலுக்குள் குடித்துவிடும். மழையோ ஆண்டுக்குச் சுமார் 65 சென்டிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வானம் வெறும் வானமே.

இந்த நிலத்தின் வரலாறும் மணலோடும் வண்டலோடும் பிணைந்ததுதான். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, ஊருக்கு வடக்கே புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலகிப் போக, ஒரு காலத்தில் துறைமுகமாயிருந்த கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. அதன்பின் பழைய காயலும் அவ்வாறே ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் 'காயில்' துறையில் அணைந்ததை எழுதிவைத்தார். காயல் என்ற சொல்லுக்கே உப்பங்கழி என்றுதான் பொருள். உப்பங்கழியின் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டு பூந்தோட்டம் வேண்டும் என்பவர்கள், பூவைத் தேர்ந்தெடுப்பதில் மற்ற ஊராரைவிடச் சற்றுக் கூடுதலாகச் சிந்திக்கத்தான் வேண்டும்.

ஆனாலும், வாசகச் சகோதரிகளே, தெருவில் நின்று பார்த்துவிட்டு 'இவ்வூரில் பூ இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காயலின் பூக்கள் தெருவைப் பார்த்துப் பூப்பதில்லை. இவ்வூர் வீடுகளின் பின்புறத்தே, பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருவதற்கென்றே முடுக்குகள் எனப்படும் குறுகிய சந்துகள் உண்டு. அவ்வழியே நடந்து பாருங்கள். ஒரு கதவின் ஓரத்தில் நித்தியகல்யாணி; ஒரு மதிலின் மேல் சங்குப்பூக் கொடி; பழைய வாளி ஒன்றில் பத்துமணிப்பூ. முற்றத்திலும் மாடியிலும் இன்னும் இருக்கும். ஆடவர் கொழும்பிலும் சென்னையிலும் ஹாங்காங்கிலும் வாணிபம் செய்ய, வீடும் வாசலும் பெண்களின் பொறுப்பில் இருந்துவரும் ஊர் இது. திருமணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் அவ்வீட்டுக்கு வருகிறார். பெரும்பாலும் வீடே மகளுக்கென்று ஆகிவிடுகிறது. ஆகவே உம்மா நட்டதை மகள் பார்க்கிறாள், மகள் விதையெடுத்ததைப் பேத்தி தூவுகிறாள். மறுவீடு போகும் பெண், 'என் செடி என்னாயிற்றோ' என்று ஏங்கும் துயரம் இங்கே குறைவு.

இப்படியொரு முற்றத்தில்தான், விதை வாங்குவது எப்படி என்ற பாடத்தை ஒரு முதிய மாமியிடம் கேட்டேன். நகரத்துக் கடையில் வாங்கிய வண்ண உறைகள் சிலவற்றை அவர் முன் விரித்து வைத்தேன். பிட்டுனியா, பான்சி என்று குளிர்நாட்டுப் பூக்களின் படங்கள் அவற்றில் பளபளத்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தவர், "இதுல நீ விதைய வாங்கியிருக்கியா, படத்த வாங்கியிருக்கியாம்மா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இது குளுருக்குப் பூக்குறது. நம்ம வெயிலு தாங்காது. உன் வீட்டுக் கொல்லையில தானா முளைக்கிறது எதுன்னு மொதல்ல பாரு. அதுக்கு ஒறவுக்காரச் செடியா வாங்கு" என்றார்.

வேளாண்மைக் கல்லூரியில் கற்றவர் சொல்லியிருந்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. காயலின் கொல்லைகளில் தானாக முளைப்பது பருப்புக்கீரை. தடித்த தண்டிலும் சதைப்பற்றான இலையிலும் நீரைச் சேமித்துக்கொண்டு, மணலையும் வெயிலையும் பொருட்படுத்தாமல் படரும். அதன் நெருங்கிய உறவுதான் பத்துமணிப்பூ. டேபிள் ரோஸ் என்றும் சொல்வர். தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நான்கு விரற்கடை ஆழமுள்ள எந்தப் பாத்திரமும் இதற்குப் போதும். அடியில் துளை மட்டும் இருக்கவேண்டும். விதை தூசிபோல் இருக்கும். அதை மண்ணுக்குள் புதைத்தால் முளைக்காது. அதற்கு ஒளி வேண்டும். எனவே இரண்டு பிடி உலர்ந்த மணலோடு விதையைக் கலந்து, ஈரமண்ணின் மேல் கோலப்பொடி தூவுவதுபோல் தூவிவிட்டுக் கையால் மெல்ல அழுத்துங்கள். வாளியால் நீர் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். தெளிக்க மட்டும் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். அடுக்கிதழ்ப் பூவைப் பார்த்து ஆசைப்படுவோர் அதன் தண்டை ஒடித்து ஊன்றிக்கொள்வதே நலம். விதையிலிருந்து வருவன எல்லாம் அடுக்காகப் பூக்கும் என்பதற்கு உறுதியில்லை. முதன்முதலாக விதை தூவும் சிறுமிக்கு எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால் இதையே சொல்வேன்.

இனி நித்தியகல்யாணி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இத்தனை எளிதாக வளரும் ஒரு செடியை, வேண்டாத பெயர்களைச் சூட்டி வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்போர் பலர். சுடுகாட்டு மல்லி என்பர். கல்லறைப் பூ என்பர். நீரூற்ற ஆளில்லாத இடத்திலும் இது பூத்துக்கொண்டிருப்பதால் வந்த பெயரே தவிர, செடியின் குற்றம் ஏதுமில்லை. மடகாஸ்கர் தீவில் பிறந்த இச்செடி, நம் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் மருந்துக்கென்றே பயிரிடப்பட்டு அயல்நாடுகளுக்குப் போயிருக்கிறது. 1950களில் கனடாவில் இராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர், ஜமைக்காவில் நீரிழிவுக்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று கேள்வியுற்று அதை ஆராய்ந்தார். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வியப்பிலிருந்து, நிணநீர்க் கட்டிகளுக்கு மருந்தாகும் வின்பிளாஸ்டின் 1958இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் வின்கிரிஸ்டின் வந்தது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது இன்றியமையாத மருந்து. புற்றுநோய் என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தி உச்சரிக்கும் வீடுகள் காயலிலும் உண்டு. அவ்வீட்டுச் சிறுபிள்ளை ஒன்று நலம்பெற்று எழுந்து முற்றத்தில் ஓடுகிறதென்றால், அதில் இந்தக் 'கல்லறைப் பூ'வுக்கும் பங்கு இருக்கக்கூடும். அதை வாசலுக்குள் அழைக்க நாம் ஏன் தயங்கவேண்டும்?

இங்கே ஓர் எச்சரிக்கை. மருந்தாகிறது என்பதற்காக யாரும் இதன் இலையையோ பூவையோ காய்ச்சிக் குடித்துவிட வேண்டாம். மருந்துச் சத்துகள் அத்தனையும் கொடிய நஞ்சுகள்; ஆலையில் பிரித்தெடுத்து, மருத்துவர் அளந்து, நரம்பில் ஏற்றப்படுபவை. 'சர்க்கரைக்கு நல்லது' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி நாலு பூவை மெல்லும் வழக்கம் அபாயமானது. ஆடுகூட இதன் பக்கம் வாய்வைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆடு வளர்க்கும் வீட்டுக்கு அது ஒரு வசதியும் ஆகும்!

நித்தியகல்யாணி விதை, பத்துமணிப்பூவுக்கு நேர்மாறான இயல்புடையது. இருட்டில்தான் முளைக்கும். அரை விரல் மண்ணால் மூடி, மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டு வையுங்கள். பத்து நாளுக்கு மேல் கழித்து முளை எட்டிப்பார்க்கும்போது சாக்கை எடுத்துவிடுங்கள். அதன்பின் அது கேட்பது ஒன்றுதான்: காலடியில் நீர் தேங்கக்கூடாது. பட்டினி கிடக்கும், தாகத்தைத் தாங்கும், உப்புக் காற்றைப் பொறுக்கும். வேரில் நீர் நின்றால் மட்டும் மூன்றே நாளில் அழுகிச் சாயும்.

பகற்பூக்கள் இவ்வாறிருக்க, மாலைப்பூ ஒன்றும் வேண்டாமா? அஸர் தொழுதுவிட்டு முற்றத்தில் சற்றே அமரும் நேரத்தில் மலர்வது அந்திமந்தாரை. அந்திமல்லி என்றும் சொல்வர். மலையாளத்தார் நாலுமணிப்பூ என்பர். உருதுவில் குலே அப்பாஸ். வெயில் தாழ்ந்ததும் விரிந்து, இரவெல்லாம் மணம் பரப்பி, விட்டில்களை விருந்துக்கழைத்து, மறுநாள் வெயிலேறச் சுருங்கிவிடும். மஃரிப் பாங்கு கேட்கும் வேளையில் முழுச் செடியும் பூவாக நிற்கும். சுபுஹுக்கு எழுந்து ஒளுச் செய்ய வருபவரையும் அதே மணம் வரவேற்கும். வீட்டில் இருப்போர் ஓய்ந்து உட்காரும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் பூக்கும் செடியைத் தேர்ந்துகொள்ளும் யோசனையை ஏனோ எந்த விதைக் கடைக்காரரும் சொல்லுவதில்லை. காலையில் அடுக்களையிலும் நண்பகலில் பிள்ளைகளோடும் இருக்கும் குடும்பத்தலைவிக்குப் பத்துமணிப்பூவின் அழகைக் காண எங்கே நேரம்?

அந்திமந்தாரையின் விதை மிளகைப்போல் கறுத்து உருண்டிருக்கும். ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஒரு விரல் ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஒருமுறை வேரூன்றிவிட்டால் அடியில் கிழங்கு கட்டிக்கொள்ளும்; மேலே செடி காய்ந்தாலும் மழைக்குத் துளிர்க்கும். பெரு நாட்டிலிருந்து வந்த இச்செடிக்கு அறிவியல் உலகில் ஒரு தனிப் பெருமை உண்டு. சிலவற்றின் இலைகள் பச்சையும் வெண்மையும் கலந்திருக்கும். 1909இல் ஜெர்மானியத் தாவரவியலறிஞர் கார்ல் கோரென்ஸ் இவற்றை வைத்து ஆராய்ந்து, அந்த இலைநிறம் தாய்ச்செடியின் வழியாக மட்டுமே பிள்ளைச்செடிக்கு இறங்குகிறது, மகரந்தம் தந்த செடிக்கு அதில் பங்கில்லை என்று கண்டார். காயல் மாமியரிடம் இதைச் சொன்னால் வியக்கமாட்டார்கள். வீடு தாய்வழியில் போவதைக் கண்டவர்களுக்கு இலை போவது பெரிதா? ஆனால், மிளகுபோல் தோன்றும் அவ்விதை நச்சுத் தன்மையுடையது. அஞ்சறைப் பெட்டியின் அருகே அதைக் காயவைக்கக் கூடாது. தவழும் குழந்தையுள்ள வீட்டில் உதிரும் விதையை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும்.

கொடி வேண்டுவோர்க்குச் சங்குப்பூ. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே வேரில் கட்டிக்கொள்ளும். மணலுக்கு இதைவிட ஏற்றது வேறென்ன? விதைத்தோல் கடினமானது. உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, ஓரிரவு ஊறவைத்து நடவேண்டும். நீலப்பூவை வெந்நீரில் இட்டால் நீர் நீலமாகும். அதில் எலுமிச்சைச் சாறு இரண்டு துளி விட்டால் கத்தரிப்பூ நிறமாக மாறும். விடுமுறையில் பேரப்பிள்ளைகளை அரைமணி நேரம் கட்டிப்போட இது போதும். மலேசியாவில் இருந்து வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். கிளந்தான் மாநிலத்தில் நாசி கெராபு என்னும் நீலச் சோற்றுக்கு நிறமூட்டுவது இதே பூதான். நம் கொல்லை மதிலில் கிடப்பது அங்கே விருந்து மேசையில் இருக்கிறது.

முடுக்கின் ஓரத்தில், பாதி நாள் நிழல் விழுகிற, ஒளு நீர் வடிகிற இடம் ஒன்று இருக்குமானால் அது காசித்தும்பைக்கு உரியது. இது நம் நாட்டுச் செடியே. வெயிலையும் வறட்சியையும் தாங்காது. நாள்தோறும் நீர் கேட்கும். பழுத்த காயைத் தொட்டால் படீரென வெடித்து விதையைச் சிதறும். மருதாணியில் கையைச் சிவக்கவைக்கும் அதே நிறப்பொருள் இந்தச் செடியிலும் உண்டு. கொரிய நாட்டுச் சிறுமியர் இதன் இதழ்களைப் படிகாரத்தோடு அரைத்து நகங்களில் கட்டி விடியும்வரை வைத்திருந்து சிவக்கவைப்பர். பெருநாள் இரவில் மருதாணிக்கு அழும் சிறுமிகள் இதை ஒருமுறை செய்துபார்க்கலாம்.

ஒளு நீரைச் சொன்னேன். அதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐவேளையும் தொழும் ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்குச் சாக்கடைக்குப் போகும் ஒளு நீரின் அளவை ஒருநாள் ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். சோப்பில்லாத, அழுக்கில்லாத நீர். பத்துத் தொட்டிகளுக்கு அது தாராளம். ஆனால் காயலின் சில பகுதிகளில் கிணற்று நீர் உப்பு. முளைவிட்ட நாற்று உப்பைத் தாங்காது. வளர்ந்த செடி ஓரளவு தாங்கும். ஆகவே விதைத்த நாளிலிருந்து நாலைந்து இலை விடும்வரை குழாயில் வரும் தாமிரபரணி நீரையே தெளியுங்கள். அதன்பிறகு கிணற்று நீர் ஊற்றலாம். கடற்காற்று பலமாக வீசிய மறுநாள் காலையில் இலைகளை நல்ல நீரால் ஒருமுறை கழுவிவிட்டால் உப்புப் படிவு போய்விடும்.

மண்ணைப் பொறுத்தவரை, தேரிச் செம்மண் நிறத்தைக் கண்டு மயங்கவேண்டாம். அது இரும்புச் சத்தேறிய மணல். நீரைப் பிடித்து வைக்காது. குளத்து வண்டல், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றும் சமபங்கு இருக்கட்டும். தென்னை நார்க் கழிவு சேர்ப்பவர்கள் அதை இருமுறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பின்னரே சேர்க்கவேண்டும்; அதில் உப்பு இருக்கும்.

மல்லிகையும் பிச்சியும் தலையில் சூடும் பூவாயிற்றே, அவற்றைச் சொல்லவில்லையே என்று கேட்கிறீர்களா? அவற்றை யாரும் விதைபோட்டு வளர்ப்பதில்லை, பதியனோ குச்சியோதான். சூடும் பூவை விதையிலிருந்து காண ஆசையென்றால் கனகாம்பரம் இருக்கிறது. காய்ந்த கதிரை நீரில் நனைத்தால் பொட்டுப் பொட்டென்று வெடித்து விதை தெறிக்கும். அதனால் ஒரு துணிக்குள் வைத்து நனையுங்கள். ஆனால் கடைகளில் பெரிதும் கிடைக்கும் 'டெல்லி' கனகாம்பரம் விதை கட்டுவதில்லை. பழைய நாட்டு வகை வைத்திருக்கும் வீட்டைத் தேடிப் போகவேண்டும். வாடாமல்லி, கோழிக்கொண்டை இரண்டும் வறட்சிக்கு அஞ்சாதவை, எங்கும் முளைப்பவை. அவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இனி, 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களைக் காயலார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓராண்டு முழுவதும் சுமார் 65 சென்டிமீட்டர் மழை பெய்யும் பகுதி என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டனர். உயிரும் உடைமையும் பறிபோன அந்நாள்களில் பூச்செடியைப் பற்றி யார் நினைப்பார்? நினைக்கவும் கூடாது.

ஆனால் நீர் வடிந்து, சேற்றை அள்ளி, பாயும் துணியும் மாடியில் காய்ந்து, அடுப்பு மீண்டும் எரியத் தொடங்கியபின், முற்றம் வெறுமையாகக் கிடப்பது கண்ணில் படும். முன்னர்ச் சொன்ன மாமியின் வீட்டிலும் அப்படித்தான். தொட்டிகள் மிதந்து எங்கோ போயிருந்தன. மண்ணிலிருந்த நித்தியகல்யாணி அத்தனையும் அழுகிவிட்டன. "அப்புறம் என்ன செஞ்சீங்க மாமி?" என்று கேட்டேன். அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் நாலைந்து வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மடித்த தாள் பொட்டலங்கள். "செடி போனா என்ன? எங்க உம்மா காலத்து வெத இது. தை பொறந்ததும் தூவுனேன்" என்றார். பொட்டலங்களின் மேல் பென்சிலால் பெயரும் மாதமும் எழுதியிருந்தன. சிலவற்றில் அரபுத் தமிழில். அவருடைய உம்மாவின் விதையே அப்படியே இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது ஆண்டுதோறும் முளைத்து, பூத்து, மீண்டும் பொட்டலமாகி வந்த விதை.

கடற்கரை ஊரில் விதையைக் காப்பது மலையூரில் காப்பதைவிடக் கடினம். காற்றின் ஈரம் விதையின் ஆயுளைக் குறைத்துவிடும். எனவே காய் முற்றிப் பழுப்பேறியபின் பறித்து, வெயிலில் அன்று, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலின் அடியில், வறுத்து ஆறிய அரிசி இரண்டு பிடி போட்டு, அதன்மேல் பொட்டலங்களை வையுங்கள். அரிசி, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலம் முடிந்ததும் புதிதாக வறுத்து மாற்றிவிடுங்கள். அடுக்களை வெப்பம் படாத, வெள்ளம் எட்டாத உயரத்தில் பாட்டில் இருக்கட்டும். எல்லா விதையையும் ஒரே ஆண்டில் தூவிவிடாமல் பாதியை எப்போதும் மீதம் வைப்பது அந்த வீட்டு வழக்கம். வைத்திருக்கும் விதை உயிரோடு இருக்கிறதா என்று ஐயம் வந்தால், பத்து விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஆறேழாவது முளைத்தால் தூவலாம்.

உறையில் 'எஃப்1' என்று போட்டிருந்தால் அது கலப்பின விதை. முதலாண்டு செழிக்கப் பூக்கும். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் விதை அதே பூவைத் தராது. பரம்பரையாகக் காக்க நினைப்பவர்களுக்கு அது உதவாது. ஹாங்காங்கிலிருந்தும் துபாயிலிருந்தும் விடுப்பில் வரும் வீட்டார், 'அங்கே அழகாக இருந்தது' என்று விதை உறைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடை ஆணைப்படி, அனுமதியும் நலச் சான்றும் இன்றி அயல்நாட்டு விதையைக் கொண்டுவரலாகாது. விதையோடு நோயும் பூச்சியும் களையும் வந்துவிடும் என்பதே காரணம். கடிதம் எழுதும்போது, வேறு ஏதாவது வாங்கிவரச் சொல்லுங்கள்.

எப்போது விதைப்பது என்பது ஒன்றே பாக்கி. ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையில் சிறு விதைகள் அடித்துப் போகும். மழை ஓய்ந்து மண் இன்னும் ஈரமாயிருக்கும் மார்கழிக் கடைசியும் தையும் காயலுக்கு உகந்தவை. ஆடிக் காற்றில் நாற்று நிற்காது.

இதற்கு ஒரு விலக்காகப் பெருநாளைக் கணக்கில் வைத்து விதைக்கும் பூ ஒன்று உண்டு: கேந்தி. நூல்களில் துலுக்கச் சாமந்தி என்று பெயர். மெக்சிகோவில் பிறந்த இதற்கு நம்மவர் பெயர் எப்படி வந்ததென்றால், கடல்கடந்து வந்த புதுமையையெல்லாம் துலுக்கரோடு சேர்த்துச் சொல்வது அக்காலத் தமிழர் வழக்கம். ஐரோப்பியரும் சளைத்தவரல்லர், ஆப்பிரிக்கச் சாமந்தி என்று அவர்கள் பெயரிட்டார்கள்! விதைத்த ஐந்தாறு நாளில் முளைத்து, சுமார் இரண்டு மாதத்தில் பூக்கும். நோன்புப் பெருநாளிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏறத்தாழ 69 நாள்கள். பிறை பார்த்துக் கொண்டாடிய நாளின் மாலையில் ஒரு தட்டில் கேந்தி விதையைத் தூவிவிட்டால், குர்பானிப் பெருநாளன்று வாசலில் பூ இருக்கும். நோன்புப் பெருநாளுக்கே வேண்டுமென்பவர்கள், ஊரில் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கும் ரஜப் மாதத்தின் கடைசியில் தூவவேண்டும். மூன்று வாரத்தில் நாற்றைப் பிடுங்கித் தொட்டிக்கு ஒன்றாக நடுங்கள். ஒரு மாதமானதும் நடுக்கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வெடித்துப் பூ பெருகும். பிறைக்கணக்கு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், சில ஆண்டுகளில் இந்த விதைப்பு கோடையின் நடுவே வந்து விழும். அப்போது முதல் இருபது நாளும் நண்பகல் வெயில் படாமல் தட்டின் மேல் ஒரு பழைய தென்னை ஓலையைச் சாய்த்துவைத்து, காலையும் மாலையும் நீர் தெளிக்கவேண்டும்.